சோறு இறங்கல, எதுக்களிக்குது, புரையேறுது: பிபி மாத்திரை மேல் விழும் பழி பற்றி

எனலாப்ரில் என்ற பிபி மாத்திரையின் ஆங்கிலத் தகவல் தாளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். முகம், உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு விடவும் விழுங்கவும் கஷ்டமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்பது அதன் சாரம். அது ஒரே ஒரு நிலையைக் குறிக்கிறது. ஆஞ்சியோஎடிமா என்கிற திடீர் வீக்கம் அது. ஆயிரம் பேரில் ஒன்றிலிருந்து ஏழு பேருக்கு வரலாம். வந்தால் உயிருக்கே ஆபத்து.

இதே வரி தமிழ் உடல்நலக் கட்டுரைகளுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது பாருங்கள். "பக்கவிளைவுகள்: தலைசுற்றல், வறட்டு இருமல், கால் வீக்கம், விழுங்குவதில் சிரமம்." வீக்கம் காணாமல் போய்விட்டது, அவசரமும் போய்விட்டது. கால் வீக்கத்துக்குப் பக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது "விழுங்குவதில் சிரமம்". எனலாப்ரிலுக்குச் சொன்னது அம்லோடிபினுக்கும் டெல்மிசார்டனுக்கும் அட்டெனலாலுக்கும் ஒட்டிக்கொள்கிறது. படித்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அடுத்த வாரம் யாரோ ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

இந்தக் குறிப்பு அந்த ஒரு வரியைப் பற்றியது. பிபி மருந்துக்கும் விழுங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, பல. சில மருந்துகள் கெடுக்கும், சில உதவும், ஒன்று உணவுக்குழாய் நோய்க்கே மருந்தாகப் பயன்படுகிறது. இவ்வளவையும் ஒரே வரியில் திணிப்பதுதான் என் பிரச்சினை. அந்த வரியைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, மாத்திரைய போடுங்க" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் மருத்துவப் பதிலும் அதே தவறைத்தான் இன்னொரு பக்கத்திலிருந்து செய்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் இது ஏன் முக்கியம்? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதில் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். இதற்குப் பதிலாகத்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டுமே, அந்தக் கடைசி ஓரடிதான் இங்கே பேச்சு.

நாலு சொல், நாலு இடம்

டெல்டாவில் எந்தத் தெருவிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"ஏன் பெரியம்மா, போன மாச மாத்திரை அப்படியே இருக்கு?"

"போட்டா ஒத்துக்கல தாயி. நெஞ்ச கரிக்குது. சோறு கீழ இறங்க மாட்டேங்குது."

இதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. "கரிக்குது" வேறு, "இறங்கல" வேறு. கேட்கிற நாம்தான் இரண்டையும் சேர்த்து "ஒத்துக்கல" என்று எழுதிக்கொள்கிறோம்.

உண்மையில் நம் பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் ரொம்பத் துல்லியமானது. சாப்பிட்டது மேலே வந்தால் "எதுக்களிக்குது". நடுவில் நின்றால் "இறங்கல", "அடைக்குது". மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் "புரையேறுது". மாத்திரை வழியில் நின்றால் "ஒட்டிக்கிச்சு". நாலு சொல்லும் நாலு இடம், நாலு காரணம். ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றில் ஒரே சொல்லுக்குள் கிடப்பதை நம் ஊர்ப் பெரியம்மா ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்.

உடற்கூறு ரொம்ப வேண்டாம், இவ்வளவு போதும். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். மேல் பகுதி நம் கை கால் தசை மாதிரியான தசையால் ஆனது. கீழ்ப்பகுதி, அதாவது பெரும்பகுதி, ரத்தக்குழாய்ச் சுவரில் இருப்பது போன்ற மென்தசை. அடியில், இரைப்பையோடு சேரும் இடத்தில், ஒரு வால்வு. சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும், சோறு வரும்போது மட்டும் திறக்கும்.

ரத்தக்குழாயின் மென்தசையைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிற மருந்துக்கு, உணவுக்குழாயின் மென்தசையும் மென்தசைதான். அதற்கு விலாசம் தெரியாது. பாதிக் கதை இந்த ஒரு வரியில் இருக்கிறது. மீதிப் பாதிக்கும் தசைக்கும் சம்பந்தமில்லை.

எதுக்களிக்குது

அம்லோடிபின், நிஃபெடிபின், டில்டியாஸெம், வெரபமில் எல்லாம் ஒரே குடும்பம். கால்சியம் தசைக்குள் நுழைவதைத் தடுத்து தசையைத் தளர்த்துபவை. நிஃபெடிபின் கொடுத்து உணவுக்குழாயில் அழுத்தமானி வைத்து அளந்தால் கீழ் வால்வின் அழுத்தம் குறைவதைப் பார்க்கலாம். அதில் சர்ச்சை இல்லை. வால்வு தளர்ந்தால் அமிலம் மேலே வரும், நெஞ்செரிச்சல் வரும். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் தர்க்கம் சுத்தமாக இருப்பதும், நிரூபணம் இருப்பதும் ஒன்றல்ல. வால்வு அழுத்தத்தை அளந்தது பெரும்பாலும் நிஃபெடிபினை வைத்து. நம் ஊரில் கொடுப்பது பெரும்பாலும் அம்லோடிபின். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது, ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் எடுக்கும். நிஃபெடிபின் கேப்ஸ்யூல் தரும் திடீர் அடியை அம்லோடிபின் தராது. நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்துச் செய்த ஆய்வுகளிலோ, பிபி மாத்திரை சாப்பிடுபவர் யார் என்பதே குழப்பம். வயதானவர், எடை கூடியவர், பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இருக்கும், இதயத்துக்கென்று ஆஸ்பிரினும் ஓடும். இதில் ஒவ்வொன்றும் தனியாகவே எதுக்களிப்பைத் தரக்கூடியது. பழியை அம்லோடிபின் மேல் மட்டும் போட எந்த அடிப்படையில் முடியும்?

டெல்டாவுக்கென்று இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். இது உடலியலிலிருந்து நான் எடுக்கும் ஊகம்தான்.

முதலாவது, குனிதல். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் மணிக்கணக்கில் இடுப்பை மடித்துக் குனிந்தே நிற்கிறார்கள். காலையில் பழைய சோறோ டீயோ குடித்துவிட்டு நேராக வயலில் இறங்கினால், நிறைந்த இரைப்பை, அழுந்திய வயிறு, தலைகீழான குழாய். ஆரோக்கியமான வால்வுக்கே அது சோதனை. கொஞ்சம் தளர்ந்த வால்வு என்றால் சொல்லவே வேண்டாம். குறுவை நடவு மாதத்தில் எரிச்சல் கூடி, அறுப்பு முடிந்து வீட்டில் இருக்கும்போது குறைகிறது என்று ஒருவர் சொன்னால், மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வலி மாத்திரை. குனிந்த இடுப்புக்கும் தேய்ந்த மூட்டுக்கும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். இவை இரைப்பையையும் உணவுக்குழாயையும் அரிக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதாவது நெஞ்செரிச்சலையும் உண்டாக்கி, பிபி மாத்திரையின் வேலையையும் கெடுத்து, பழியை மட்டும் பிபி மாத்திரை மேல் தள்ளிவிடும். நாம் தேடும் குற்றவாளி பல வீடுகளில் இதுதான் என்பது என் சந்தேகம்.

இங்கே அடுத்த கண்ணி வருகிறது. எரிகிறது என்றவுடன் "கேஸ் மாத்திரை", அதாவது பான்டோபிரஸோல். அம்லோடிபினால் கால் வீங்கினால் நீர் பிரிக்கும் மாத்திரை. எனலாப்ரிலால் இருமல் வந்தால் இருமல் டானிக். ஒரு மருந்தின் விளைவை இன்னொரு நோயாக எண்ணி இன்னொரு மருந்து கொடுப்பதை ரோஷோன், கர்விட்ஸ் என்ற இருவர் 1997இல் பிஎம்ஜே இதழில் "மருந்துச் சீட்டு அருவி" என்ற பொருள்படும் பெயரில் எழுதினார்கள். நல்ல பெயர். மேலே ஒரு துளி, கீழே ஐந்து மாத்திரை.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிபி இருப்பவருக்குப் புதிதாக "நெஞ்ச கரிக்குது" என்றால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். வியர்வை, தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, நடந்தால் கூடுவது, இதெல்லாம் இருந்தால் கேஸ் மாத்திரை தேட நேரமில்லை. நாக்குக்கு அடியில் ஐசோசார்பைட் வைத்ததும் வலி போனது என்பதும் பதில் சொல்லாது. அது இதய ரத்தக்குழாயையும் தளர்த்தும், இழுத்துப் பிடித்த உணவுக்குழாயையும் தளர்த்தும்.

இறங்கல

வால்வைத் தளர்த்துவது ஒருவருக்குத் தொல்லை என்றால், வால்வு திறக்கவே திறக்காத இன்னொருவருக்கு? அந்த நோய்க்குப் பெயர் அகலேசியா. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குப் புதிதாக வரும் அளவுக்கு அபூர்வம். உணவுக்குழாயின் நரம்பணுக்கள் அழிந்து, வால்வு இறுகியே நிற்கும். சோறும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டி, சோற்றைத் தள்ளிவிட்டு ஒரு நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1913இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெட்டித் திறக்கும் அறுவை சிகிச்சையைச் செய்தார். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே எண்டோஸ்கோபி வழியாகவே அதைச் செய்து காட்டினார்.

இந்த வரிசைக்கு நடுவில் நம் பிபி மாத்திரையும் வருகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் நாக்கடியில் நிஃபெடிபின். ரத்தக்குழாய்க்காகச் செய்யப்பட்ட மருந்து, உணவுக்குழாய்க் கதவைத் திறக்க. பக்கவிளைவையே வேலையாக மாற்றிய அழகான யோசனை. நடைமுறையில் பலன் குறைவு, போகப்போக இன்னும் குறையும். தலைவலி, தலைசுற்றல், கால் வீக்கம் வேறு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜியின் 2013 வழிகாட்டி இதை அறுவையோ பலூனோ போட்டாக்ஸோ தாங்காதவர்களுக்கான கடைசி வழியாகத்தான் வைக்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. அதே நிஃபெடிபின் கேப்ஸ்யூலை, பிபி எகிறியவர்களுக்கு நாக்கடியில் பிழிந்துவிடும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. அழுத்தம் திடீரென்று சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் அதை நிறுத்தச் சொல்லி 1996இல் ஜாமா இதழில் கட்டுரை வந்தது. ஒரே கேப்ஸ்யூல், ஒரே நாக்கு. கேள்வி என்ன என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

சரி, "இறங்கல" என்று சொல்லும் பெரியம்மாவுக்கு வருவோம். அவருக்கு அகலேசியா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அம்லோடிபின் அலையைக் கொஞ்சம் பலவீனமாக்கலாம் என்பது சாத்தியம்தான். ஆனால் இங்கே என் விமர்சனம் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். "இறங்கல" என்ற சொல்லை மாத்திரையின் பக்கவிளைவாக எழுதிக்கொள்வது ஆபத்து. காரணம், வெற்றிலையும் புகையிலையும்.

கும்பகோணம் வெற்றிலைக்கு அறிமுகம் தேவையில்லை. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, அதோடு புகையிலை போடுவது டெல்டாவில் ஆண் பெண் இருபாலருக்கும் பழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985இலேயே புற்றுநோய்க் காரணி என்றது. 2004இல் வெளியான அறிக்கையில் புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கையும்கூட அந்தப் பட்டியலில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அதில் வரும். பாக்கினால் வாயின் உட்புறம் நாராக இறுகி, வாயே திறக்க முடியாமல் போகும் நிலையும் உண்டு. அதற்கும் பெரியம்மா சொல்லும் சொல் "சாப்பிட முடியல" தான்.

புற்றுநோயின் "இறங்கல" ஒரு வரிசையில் வரும். முதலில் கெட்டிச் சோறு, பிறகு குழைந்த சாதம், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். மாதங்களில் முன்னேறும். எடை குறையும். அகலேசியாவில் அப்படி வரிசை கிடையாது, ஆரம்பத்திலிருந்தே கெட்டியும் தண்ணீரும் சேர்ந்தே தடுக்கும். இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இயந்திரம் வேண்டாம். "ரசஞ்சாதம் இறங்குதா? தண்ணி இறங்குதா? எப்ப இருந்து?" என்ற மூன்று கேள்வி போதும். கெட்டிச் சோறு புதிதாக இறங்கவில்லை என்றாலே எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். மாத்திரையை மாற்றிவிட்டு இரண்டு மாதம் பார்ப்போம் என்றால், அந்த இரண்டு மாதம்தான் போகக்கூடாத இரண்டு மாதம்.

புரையேறுது

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம். தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். பக்கவாதம் வந்த வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது. வாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கும். சோறும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். வாதத்தில் பிழைத்தவர் நிமோனியாவில் போவது அப்படித்தான்.

இங்கேதான் எனலாப்ரில் குடும்பத்துக்கு ஒரு வினோதமான பாத்திரம். இந்த ஏசிஇ தடுப்பான்கள் அழுத்தத்தைக் குறைப்பதோடு பிராடிகினின், சப்ஸ்டன்ஸ் பி என்ற இரண்டு பொருட்கள் சிதையாமல் தேங்க விடுகின்றன. அதனால்தான் அந்த வறட்டு இருமல், நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு. ஆனால் சப்ஸ்டன்ஸ் பி தொண்டையின் காவல்காரனும்கூட. இருமல் அனிச்சையையும் விழுங்கும் அனிச்சையையும் அது கூர்மையாக்கும். 1990களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கேட்டார்கள்: தொல்லையான அந்த இருமலே வாதம் வந்த முதியவரின் மூச்சுக்குழாயைக் காப்பாற்றுமா? செகிஸாவா குழுவினர் 1998இல் லான்செட்டில் எழுதினார்கள், இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு நிமோனியா குறைவு என்று. 2012இல் பிஎம்ஜே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆசியர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

இதைப் படித்தவுடன் "அப்போ விழுங்க முடியாத தாத்தாவுக்கு எனலாப்ரில் கொடுக்கலாமே" என்று தோன்றும். ஹாங்காங்கில் சோதித்தே பார்த்தார்கள். மூக்குக் குழாய் வழியே உணவு போகும் முதியவர்களுக்குக் குறைந்த அளவு லிசினோபிரில், சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. முடிவு 2015இல் வெளிவந்தது. விழுங்கும் திறன் மருந்துக் குழுவில் சற்றே மேம்பட்டது. நிமோனியா குறையவில்லை. இறப்போ மருந்துக் குழுவில் அதிகம். ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்பவர்கள் நிறைய. 1998 வரை சொன்னால் அதிசய மருந்து. 2012 வரை சொன்னால் ஆசியர்களுக்கே எழுதிவைத்த மருந்து. 2015 வரை சொன்னால்தான் உண்மை: ஏற்கெனவே பிபிக்கு அந்த மருந்து பொருந்துகிறவருக்கு நிமோனியா விஷயத்தில் ஒரு கூடுதல் பலன் இருக்கலாம். பிபி தேவையில்லாத, நலிந்த முதியவருக்கு விழுங்குவதற்கென்றே அதைக் கொடுப்பது வேறு விளையாட்டு. ஒரு ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது அடுத்த ஆய்வு எப்போது வந்தது என்று பார்க்கிற பழக்கம் நம் உடல்நல எழுத்துக்கு வரவேண்டும்.

இருமல் தாங்காதவருக்கு டெல்மிசார்டன் வகை இருக்கிறது, அது அந்த இருமலைத் தருவதில்லை. ஆகவே "இருமல், தொண்டை கரகரப்பு" என்றால் மாற்று வழி உண்டு, நிறுத்த வேண்டியதில்லை. உதடும் நாக்கும் வீங்கினால் மட்டும் வீட்டில் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து தொடங்கிப் பல மாதம், ஏன் வருஷம் கழித்துக்கூட அது வரலாம்.

ஒட்டிக்கிச்சு

இது மருந்தின் வேதியியல் பற்றியதே அல்ல, மாத்திரை என்கிற பொருளைப் பற்றியது. உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கும் மாத்திரைகள் சில உண்டு. பெயர் பெற்றவை டாக்சிசைக்ளின், பொட்டாசியம் குளோரைடு, எலும்புக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட், வலி மாத்திரைகள். அம்லோடிபின் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் கொடுப்பது டாக்சிசைக்ளின். சேற்றில் நிற்கிறவருக்கு அது வர வாய்ப்பு அதிகம். காய்ச்சலுக்கு ஐந்தாறு நாள் டாக்சி போட்டுவிட்டு, நெஞ்சுக்குள் குத்துது, எச்சில் விழுங்கவே வலிக்குது என்றால், வருஷக்கணக்காகச் சாப்பிடும் பிபி மாத்திரையைச் சந்தேகிப்பது தப்பு முகவரி.

எப்படி விழுங்குகிறோம் என்பதும் முக்கியம். 1982இல் பிஎம்ஜேயில் வந்த டென்மார்க் ஆய்வு எளிமையானது: மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு, படுத்துக்கொண்டு விழுங்கினால் பாதி வழியில் நின்றுவிடும். நின்றுகொண்டு 100 மி.லி. தண்ணீராவது குடித்து, ஒன்றரை நிமிடம் அப்படியே நில்லுங்கள் என்றார்கள். நம் பாஷையில் அரை டம்ளர் தண்ணீர், உடனே பாயில் சாயாதே.

அடுத்து நம் அண்ணாந்து குடிக்கும் பழக்கம். எச்சில் படாமல் குடிப்பது நல்ல நாகரிகம்தான். ஆனால் தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் வாசல் திறந்து நிற்கும். வயதானவருக்கும், வாதம் வந்தவருக்கும் புரையேற அதுவே வழி. கேப்ஸ்யூல் என்றால் இன்னொன்றும் உண்டு. அது தண்ணீரில் மிதக்கும். 2014இல் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் காட்டியது, கேப்ஸ்யூலைத் தலையைச் சற்று முன்னால் குனிந்து விழுங்கினால் சுலபம் என்று. பாட்டிக்கு டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கச் சொல்வதில் ஒரு தீட்டும் இல்லை.

விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. சாதாரண அம்லோடிபினைப் பொடிக்கலாம். நிஃபெடிபின் ரிட்டார்டு, மெட்டோபிரலால் எக்ஸ்எல் மாதிரி மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க வரவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கி அழுத்தம் சரிந்துவிடும். அட்டையில் எஸ்ஆர், இஆர், எக்ஸ்எல், ரிட்டார்டு என்று இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எந்த நேரத்தில் போடுவது? காலையா இரவா என்று பெரிய சண்டை நடந்தது. 2022இல் லான்செட்டில் வந்த பிரிட்டனின் டைம் ஆய்வு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, அரை டம்ளர் தண்ணீர் நிதானமாகக் குடிக்க முடிகிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

அட்டையில் இல்லாத கேள்வி

நான் பார்த்த பிபி சிகிச்சைப் படிநிலை அட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை நாளில் திரும்பப் பார்ப்பது, எப்போது அடுத்த படி, எப்போது மேலே அனுப்புவது. எல்லாம் அழுத்தத்தின் எண்ணைச் சுற்றியே. எண் இறங்கவில்லை என்றால் அடுத்த படி, மருந்தைக் கூட்டு. ஆனால் மாத்திரையே உள்ளே போகாததால் எண் இறங்காமல் இருந்தால்? அந்த இடத்தில் அட்டை மௌனம். சாப்பிடாத 5 மி.கி. சீட்டில் 10 மி.கி. ஆகும், கூடவே இன்னொரு மாத்திரையும் சேரும். ஒட்டுகிற தொண்டைக்கு இன்னும் ஒரு மாத்திரை.

வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் பெண்ணிடம் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. அவரிடம் உணவுக்குழாய் பாடம் எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் "மாத்திரை ஒத்துக்குதா?" என்ற கேள்விக்குப் பதிலாக, "எதுக்களிக்குதா, இறங்கலையா, புரையேறுதா, ஒட்டிக்குதா?" என்று கேட்கலாம். முதலாவதற்கு வேலை, வலி மாத்திரை, சாப்பாட்டு நேரம் பற்றிப் பேச்சு, பிறகு தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தை மாற்றலாம். இரண்டாவதற்கு உடனே மேலே அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கு வாதத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க வேண்டும். நாலாவதற்கு அரை டம்ளர் தண்ணீர். நாலில் எதற்குமே "மாத்திரையை நிறுத்து" என்பது பதில் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு. மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் சுமார் 27 சதவீதம் குறைகிறது என்று 2016இல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. பக்கவாதம் வந்தவரில் பாதிப் பேருக்கு விழுங்க வராது என்பதை மேலே பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். விழுங்கும் திறனைக் காப்பாற்றுவதற்காக மாத்திரையை நிறுத்துகிறவர், அந்தத் திறனை மொத்தமாக இழக்கும் வழியில்தான் நடக்கிறார். "விழுங்குவதில் சிரமம்" என்ற அந்த ஒற்றை வரியை அடுத்த முறை யாராவது அனுப்பினால், எந்தச் சிரமம் என்று திருப்பிக் கேளுங்கள்.